இரண்டு கிலோ நூற்றுப் பத்து கிராம்

கரிசல்பேட்டை மெயின் ரோட்டில் இருக்கிற வைரமணி சூப்பர் மார்க்கெட்டில், ஆள் உட்காராமல் தானாகப் பில் போடுகிற மெஷின்கள் நான்கு வந்து இறங்கிய வைகாசி மாதம் முழுக்க ஊரில் வேறு பேச்சு இல்லை. சரக்கை நாமே எடுத்து, அதன் மேலிருக்கும் கோடுகளை நாமே சிவப்பு வெளிச்சத்தில் காட்டி, நாமே பையில் போட்டு, நாமே பணத்தையும் கட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று முதலாளி வைரமணி மைக் வைத்துச் சொன்னபோது, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ராமையா, "காசையும் குடுத்து வேலையையும் நாமளே பாக்கணுமாக்கும்? நாளைக்கு ஓட்டலுக்குப் போனா தோசையையும் நாமளே ஊத்திக்கிடணும்பான்" என்று சொல்லிவிட்டு, ஆள் உட்கார்ந்திருக்கும் பழைய கவுண்டருக்கே போனார். காலேஜ் பிள்ளைகளுக்கு மெஷின் பிடித்துப்போனது. நாப்கின் பாக்கெட்டை யார் முகத்தையும் பார்க்காமல் வாங்கிப் போக முடிகிறதே என்றார்கள். பரோட்டாக் கடை மாஸ்டருக்கு மைதாப் பையைத் தூக்கித் தூக்கிக் காட்டியே தோள் விட்டுப்போனது. தையல்கடை தங்கபுஷ்பத்துக்கு மட்டும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "எம்புட்டு மரியாதையாப் பேசுது பாரு. எங்க வீட்டுக்காரரு இருபது வருசத்துல ஒருநாளாவது எனக்கு நன்றின்னு சொல்லியிருப்பாரா?" என்றாள்.

இத்தனை பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டு அந்த நான்கு மெஷின்களுக்கும் நடுவே நீலக் கோட்டும் கழுத்தில் அட்டையுமாக நாள் முழுக்க நின்றவள் முனீஸ்வரி. ஆறு வருடமாக அதே கடையில் பில் போட்டவள். மெஷின் வந்த பிறகு, தடுமாறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு அவளை மாற்றினார்கள். பை வைக்கிற மேடைக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது, பில்லில் ஏறிய சரக்கின் எடையும் பையின் எடையும் ஒத்துப்போக வேண்டும், கூடினால் உள்ளே இருக்கிற பெண்குரல் "பையில் எதிர்பாராத பொருள் ஒன்று உள்ளது. தயவுசெய்து அதை வெளியே எடுத்து வைக்கவும்" என்று சொல்லும், எடுத்து வைத்தால் வழிவிடும். இதைத்தான் அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னாள்.

ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, தங்கபுஷ்பம் அரைக்கிலோ ரவையும் ஒரு சோப்பும் வாங்கிப் பையில் போட்டபோது, எதிர்பாராத பொருள் ஒன்று உள்ளது என்றது மெஷின். முனீஸ்வரி ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்தாள், உதறினாள், வெறும் பையை மறுபடி மேடையில் வைத்தாள். எழுநூறு கிராம் அதிகம் என்று திரையில் நின்றது. மூன்றாம் முறையும் அந்தக் குரல் கேட்டபோது தங்கபுஷ்பம் இரண்டு கையையும் மேடையில் ஊன்றிக்கொண்டு, யாரோ தன்னிடம் நேரடியாகக் கேட்டதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பக்கத்து வீட்டு முருங்கை தானாப் பட்டுப்போகல. நான்தான் வேர்ல மண்ணெண்ணெய ஊத்துனேன்." திரையில் எழுநூறு சறுக்கிக்கொண்டே இறங்கி ஒன்றுமில்லாமல் போனது. "நன்றி. பணம் செலுத்தவும்" என்றது மெஷின். தங்கபுஷ்பம் பணத்தைக் கட்டிவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள் என்றும், அங்கே பெரிய சண்டை நடந்தது என்றும், சண்டை முடிந்ததும் இருவரும் காபி குடித்தார்கள் என்றும் மறுநாள் கடையில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அது தினமும் நடந்தது. மூன்று மாதமாக வேலைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருகிற ஒருவன் அதைச் சொல்லிவிட்டுத் தேங்காயெண்ணெய் வாங்கிப் போனான். கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு ஒரு பெண், தாம்பூலப் பை வாங்க வந்த இடத்தில், தன் அம்மா பக்கத்தில் நிற்கவே, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நாலு கிலோவை இறக்கி வைத்தாள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைப் பற்றி அவள் அப்பா மறுநாள் வந்து மெஷினோடு சண்டை போட்டார், மெஷின் அவரிடம் ஒன்றரைக் கிலோ கேட்டது. கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து தராசைக் கழற்றி மாட்டி, கல் வைத்து நிறுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாகத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்தார்; மெஷின் அவரை நிறுத்தியது. அவர் அரை மணி நேரம் அங்கேயே நின்று, கடைசியில் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, "அப்பா, நான்தான்" என்று ஆரம்பித்து, அழுது முடித்து, பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. மெஷினுக்கு முன்னால் ஒருவர் நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள் நாலு எட்டு தள்ளிப் பிஸ்கட் அலமாரி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது யாரும் எழுதாத சட்டமானது. வெள்ளிக்கிழமைகளில் முதலாளி நான்கு மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வாயேன்" என்றார்கள். பாரம் இல்லாதவர்கள் அரைக் கிலோ சீனியை வாங்கிக்கொண்டு ராஜநடையில் வெளியே வந்தார்கள். ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டருக்குப் போகிறவர்களை ஊர் கவனிக்க ஆரம்பித்தது. அந்த வரிசைக்குப் பயந்தவங்க வரிசை என்று பெயர் வந்தது. முதல் நாளிலிருந்து அங்கேயே போய்க்கொண்டிருந்த ராமையா, "எனக்கு மெஷின்னாலே ஆகாதுப்பா, உங்களுக்குத் தெரியுமே" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை, கடைசியில் ஒருநாள் வியர்த்துப்போய் மெஷினுக்கு வந்து, எண்பது கிராமுக்கு என்னவோ முணுமுணுத்துவிட்டுப் போனார்.

முனீஸ்வரி அந்த மெஷினில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கவில்லை. கடை ஆட்களுக்கு விலையில் சலுகை உண்டு என்றாலும், வீட்டுச் சாமான்களை மூன்று தெரு தள்ளி ஒரு பெட்டிக்கடையில் வாங்கினாள். கேட்டவர்களிடம், நாள் முழுக்க அதோட மாரடிக்கிறது போதாதா என்று சிரித்தாள்.

அவளிடம் இருந்தது இதுதான். ஆறு வருடத்துக்கு முன் அவள் ஊருக்குக் கிழக்கே ஒரு பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். வராதவள் பதிலுக்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் மறுநாள் வரவேண்டாம் என்பது அங்கே போர்மேன் வைத்த வழக்கம். வைரமணி கடையில் பில் போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சொல்லி வைத்திருந்தவளை முதலாளி நேரில் வரச் சொன்ன அந்த வியாழக்கிழமை, போர்மேனுக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையும் போகும் என்று பயந்து, காலையில் பக்கத்து வீட்டுச் சுவரோரம் நின்று, அதே ஆலையில் வேலை பார்க்கிற சண்முகத்தாயைக் கூப்பிட்டு, "மதினி, ராவெல்லாம் காய்ச்சல், எனக்குப் பதிலா இன்னிக்கு ஒருநாள் போறீங்களா?" என்று கேட்டாள். சண்முகத்தாய்க்கு அன்று வேலை இல்லாத நாள். அவள் போனாள். பதினொரு மணிக்கு, வைரமணியின் அறையில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. "எங்கயோ வெடிச்சிருக்கு போல" என்று சொல்லிவிட்டு முதலாளி, "பில் போடத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். வேலை கிடைத்தது. ஆலையில் சண்முகத்தாயோடு சேர்த்து நாலு பேர் போனார்கள், போர்மேனும் போனார், அவர் ஆட்களின் பெயரை எழுதி வைக்கிற நோட்டும் எரிந்துபோனது, யார் யாருக்குப் பதிலாக வந்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. காய்ச்சல் வந்து பிழைத்தவள் என்று ஊர் முனீஸ்வரியின் நெற்றியில் திருநீறு பூசியது. சண்முகத்தாயின் புருஷன் சீனிச்சாமிக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுவருக்கு மேலே குழம்புத் தூக்கை நீட்டுகிறாள் என்று, நல்ல மனசுக்காரி என்றும் சொன்னது. முனீஸ்வரியின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவனிடமும் அவள் சொல்லவில்லை, பன்னிரண்டாவது படிக்கிற மகளிடமும் சொல்லவில்லை.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் சீனிச்சாமி கடைக்கு வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிற மனிதர், அதிகம் பேசாதவர். அதுவரை ஆள் கவுண்டருக்கே போய்க்கொண்டிருந்தவர் அன்று ஒரு டீத்தூள் பாக்கெட்டோடு நேரே மூன்றாவது மெஷினுக்கு வந்து, "தாயி, இதை எங்க காட்டணும்?" என்று முனீஸ்வரியிடம் கேட்டார். அவள் கையைப் பிடிக்காத குறையாகக் காட்டினாள். பையை மேடையில் வைத்ததும் திரையில் இரண்டு கிலோ நூற்றுப் பத்து கிராம் என்று வந்து நின்றது. அவர் அதைத் தெரிந்தேதான் வந்திருந்தார், தலையாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "அன்னிக்குக் காலையில அவளை வஞ்சேன். அவ தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போகணும்னா, போகக் கூடாதுன்னேன். அந்தக் கோவத்துலதான் லீவு நாளும் அதுவுமா வேலைக்குக் கிளம்பிப் போயிட்டா. நான் வையாம இருந்தா அவ வீட்டுல இருந்திருப்பா."

திரையில் இரண்டு கிலோ நூற்றுப் பத்து அப்படியே நின்றது. பையில் எதிர்பாராத பொருள் ஒன்று உள்ளது என்றது குரல்.

சீனிச்சாமி இன்னும் கொஞ்சம் சத்தமாக அதையே சொன்னார். பிறகு டீத்தூளை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுப் போனார். முனீஸ்வரி அவர் போன வாசலையே பார்த்தாள். ஆறு வருடம் அந்த வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும், அந்த மனிதர் இப்படியொன்றைச் சுமந்துகொண்டு படுத்து எழுந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் அதே டீத்தூளை எடுத்து, அதே மெஷினில் நின்று, தன் வாழ்க்கையைத் துழாவித் துழாவி எதையாவது எடுத்து வைத்தார்: ஒருமுறை குடித்துவிட்டு அவளை அடித்ததை, அவள் கேட்ட கண்ணாடி வளையலை வாங்கித் தராததை, பிள்ளை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது தன்னிடம்தான் குறை என்று டாக்டர் சொன்னதை அவளிடம் மறைத்ததை. எதற்கும் ஒரு கிராம் குறையவில்லை. பிஸ்கட் அலமாரி பக்கம் திரும்பி நின்றவர்கள் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள், பாவம் மனுசன் என்றார்கள். ஏழாம் நாள், இம்புட்டும் சொல்லியும் இறங்கலைன்னா இதை விடப் பெருசா ஒண்ணு இருக்கணும்ல என்றார்கள். ஒன்பதாம் நாள் பரோட்டாக் கடையில் ஒருவன், நிவாரணப் பணம் வந்தது அந்தாளுக்குத்தானே என்றான். மெஷின் பொய் சொல்லாது என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லாததால், சீனிச்சாமி பொய் சொல்கிறார் என்பது தானாக முடிவானது. அவருடைய லோடு ஆட்டோவைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். தெருக்குழாயில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். சண்முகத்தாயின் தம்பி பால்பாண்டி, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் செங்கல் சூளை வைத்திருப்பவன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்களோடு வருகிறான் என்று பேச்சு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் முனீஸ்வரி எல்லோருக்கும் முன்னால் கடைக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், மெஷின்களுக்குச் சுவிட்சைப் போட்டாள். மூன்றாவது மெஷினின் மேடையில் தன் சாப்பாட்டுப் பையை, டப்பாவை எடுத்துவிட்டு, வெறுமனே வைத்தாள். ஒரு தீப்பெட்டியைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டிப் பையில் போட்டாள்.

இரண்டு கிலோ நூற்றுப் பத்து.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் சொன்னது எதற்கும் அது ஏன் இறங்கவில்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவர் தூக்கிக்கொண்டு திரிவது அவருடையதே இல்லை. "பையில் எதிர்பாராத பொருள் ஒன்று உள்ளது" என்றது குரல், காலி கடையில் கணீரென்று. முனீஸ்வரி வாயைத் திறந்தாள். "அன்னிக்கு" என்றாள். பிறகு, "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல" என்றாள்.

திரையில் இரண்டு கிலோ நூறு என்று மாறியது.

பத்தே பத்து கிராம்தான். அடுத்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தபோது ஷட்டர் முழுதாக மேலே ஏறி, வெயிலோடு வாட்ச்மேனும் காய்கறி இறக்குகிற ஆட்களும் உள்ளே வந்தார்கள். அவள் பையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் இன்னும் வெள்ளென வந்து, யாரும் இல்லாதபோது மிச்சத்தையும் சொல்லிவிடலாம், அவருடையதும் இறங்கிவிடும், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது என்று மனசுக்குள் ஓடிய யோசனை அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. சாயங்காலம் வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஐந்தரை மணிக்குச் சீனிச்சாமி வந்தார். அன்று கடையில் இருந்த கூட்டம் சாமான் வாங்க வந்த கூட்டம் இல்லை. கையில் ஒரு உப்புப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அங்கங்கே நின்ற கூட்டம். அவர் யாரையும் பார்க்காமல் டீத்தூளை எடுத்து வந்து, பையை மேடையில் வைத்து, திரையைப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது.

"தாயி," என்றார் முனீஸ்வரியிடம், சின்னப்பிள்ளை மாதிரி. "தாயி, இங்க பாரேன். பத்து கிராம் கொறைஞ்சிருக்கு!"

அவள் பக்கத்து மெஷினின் திரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நேத்து கடைசியா என்ன சொன்னேன்? அந்த வளையல் விசயமா? இல்ல, ஆஸ்பத்திரி விசயமா?" அவர் விரலை மடக்கி மடக்கி யோசித்தார். "ஏதோ ஒண்ணு சரியாச் சொல்லியிருக்கேன். நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த, உனக்கு நெனப்பு இருக்கா?"

அந்த நேரத்தில்தான் வாசலில் இரண்டு பைக் வந்து நின்றன. பால்பாண்டி நாலு பேரோடு உள்ளே வந்தான். வழியில் நின்றவர்கள் விலகினார்கள். அவன் வந்த வேகத்தில் சீனிச்சாமியின் சட்டைக் காலரைப் பிடித்து, மெஷினோடு சேர்த்துச் சாய்த்தான்.

"மச்சான்னு பாக்குறேன். இல்லன்னா இந்நேரம் வேற மாதிரி ஆயிருக்கும்" என்றான். "உள்ளதைச் சொல்லுங்க. எங்கக்கா அன்னிக்கு எப்படி அங்க போனா?"

"நான் வஞ்சேன் மாப்ள. கோவத்துல..."

"அதைத்தான் பதினோரு நாளாச் சொல்லியாச்சே! இறங்குச்சா? இம்மியாவது இறங்குச்சா? நீங்கதானே அனுப்புனீங்க? போய்ச் சாவுன்னு அனுப்புனீங்களா, இல்ல பணம் வரும்னு அனுப்புனீங்களா?"

"பையில் எதிர்பாராத பொருள் ஒன்று உள்ளது" என்றது மெஷின். "தயவுசெய்து அதை வெளியே எடுத்து வைக்கவும்."

முதலாளி வைரமணி தன் அறை வாசலில் வந்து நின்றார், குறுக்கே போகவில்லை. பிஸ்கட் அலமாரிப் பக்கம் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பதினோரு நாள் ஒரே இடத்தில் நின்று பேசிப் பேசி இற்றுப்போயிருந்த சீனிச்சாமி, தன்னைச் சுற்றி இருந்த முகங்களை ஒன்று ஒன்றாகப் பார்த்தார். அந்த முகங்கள் எதை எதிர்பார்க்கின்றன என்று அவருக்குப் புரிந்ததையும், அவர் உள்ளுக்குள் ஏதோ ஒன்று கை நழுவுவதையும் முனீஸ்வரி இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தாள். இத்தனை பேர் சொல்கிறார்கள், மெஷினும் சொல்கிறது, அப்படியானால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பத் தொடங்கிவிட்ட ஒரு மனிதனின் முகம் அது. அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "அப்படித்தான் இருக்கும். நான்தான் அவளை..."

"அண்ணே, சொல்லாதீங்க" என்றாள் முனீஸ்வரி.

எல்லோரும் திரும்பினார்கள். பால்பாண்டியின் கை காலரிலேயே இருந்தது. முனீஸ்வரி திரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஆட்களைப் பார்த்தால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"சண்முகத்தாய் மதினிய அனுப்புனது நான். எனக்குப் பதிலா அனுப்புனேன்."

ஒன்றரைக் கிலோ ஆனது.

"காய்ச்சல்னு பொய் சொன்னேன். காய்ச்சல் இல்ல. இந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தேன். வெடிச்சப்ப அந்தா அந்த ரூமுலதான் உக்காந்திருந்தேன். முதலாளிக்குத் தெரியும் நான் வந்தது. யாருக்குப் பதிலா யாரு போனாங்கன்னு அவருக்குத் தெரியாது."

எண்ணூறு.

"அவங்க கோவத்துல போகல. உங்களுக்காகப் போகல. நான் கேட்டதுக்காகப் போனாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "ஆறு வருசமா உங்க வீட்டுக்குக் குழம்பு குடுத்ததெல்லாம் நல்ல மனசுல குடுத்ததில்ல. பயத்துல குடுத்தது. நீங்க இதைச் சுமந்துக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியாது. தெரிஞ்சப்புறமும் பதினோரு நாள் இங்க நின்னு வேடிக்கை பாத்தேன். இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

திரையில் எண்கள் ஓய்ந்தன. ஒன்றும் இல்லை என்று காட்டியது. "நன்றி. பணம் செலுத்தவும்" என்றது குரல், தங்கபுஷ்பத்திடம் சொன்ன அதே மரியாதையோடு.

பால்பாண்டியின் கை தானாகக் கழன்றது. அவன் பக்கத்தில் அடுக்கியிருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். சீனிச்சாமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். முனீஸ்வரியைப் பார்க்காமலே கேட்டார்:

"அவ என்ன சொன்னா? நீ கேட்டப்ப?"

முனீஸ்வரிக்கு அந்தக் கணத்தில் எத்தனையோ நல்ல வார்த்தைகள் தோன்றின. உங்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்று சொல்லலாம், சாயங்காலம் வந்து சமாதானம் ஆகிவிடுவேன் என்று சிரித்தார்கள் என்று சொல்லலாம். சொன்னால் அந்த மனிதர் மிச்சமிருக்கிற காலத்துக்கும் அதை வைத்துக்கொண்டு இருப்பார். ஆனால் பை மேடையில்தான் இருந்தது, திரை எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லலண்ணே" என்றாள். "சீப்பை வாயில கடிச்சுக்கிட்டுத் தலைமுடியைச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. வாயில சீப்பு இருந்ததால பேசல. சரின்னு தலையாட்டுனாங்க."

"முகத்துல கோவம் இருந்துச்சா?"

"இல்ல."

சீனிச்சாமி திரையைப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. குரலும் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம், ஒருவேளை தாமதமாக வந்துவிடுமோ என்று பயந்தவரைப் போலக் காத்திருந்தார். வரவில்லை. அப்போதுதான் அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். அழுது முடித்து முகத்தைச் சட்டையில் துடைத்து, டீத்தூளுக்குப் பணம் கட்டினார்.

"இனிமே எம்முன்னால வராத" என்று முனீஸ்வரியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. ஒருநாள் லீவுக்காகப் பொய் சொல்லாதவர்கள் யார், வெடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பக்கம் சொன்னது. பொய் ஒருநாள்தான், மறைத்தது ஆறு வருடம் என்று மறுபக்கம் சொன்னது. இரண்டு பக்கமும் சீனிச்சாமியைப் பற்றித் தாங்கள் பேசியதை மட்டும் பேசவில்லை. ஆனால் அடுத்த ஒரு வாரம் நான்கு மெஷினிலும் ஆளுக்கு இருநூறு, முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது, தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனார்கள், லோடு ஆட்டோவுக்கு மறுபடி சவாரி கிடைத்தது. சில பெண்கள் முனீஸ்வரி கையால் பையை வாங்க மறுத்தார்கள். அவள் மகள் நாலு நாள் பேசாமல் இருந்து, ஐந்தாம் நாள் அவளுக்கும் சேர்த்துத் தட்டில் சோறு போட்டாள். திருப்பூரிலிருந்து வந்த புருஷன், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்று ஒரே ஒரு முறை கேட்டான். முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. முனீஸ்வரி ஒருநாள் காலையில் தன் பையை வைத்துப் பார்த்தாள். நூற்றைம்பது கிராம் நின்றது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும், அதற்குச் சொல்ல வார்த்தை இல்லை என்பதும் தெரியும். பையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

சீனிச்சாமி கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததும் முனீஸ்வரி அலமாரிகளுக்குப் பின்னால் போய்விடுவாள், அவர் போன பிறகு வருவாள். இப்படியே ஆவணி போயிற்று, புரட்டாசியும் பாதி போயிற்று.

ஒரு சாயங்காலம் அவர் டீத்தூளோடு அரைக்கிலோ பீர்க்கங்காயும் வாங்கினார். காய்கறிக்குக் கோடு இல்லை. திரையில் வருகிற படங்களில் சரியான படத்தைத் தேடி அமுக்க வேண்டும். அவர் வெண்டைக்காயையும் புடலங்காயையும் தாண்டி, ஒன்றும் கிடைக்காமல், முதல் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப விரலை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். "உதவிக்கு ஊழியரை அழைக்கவும்" என்றது மெஷின். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் அடியெடுத்து வைக்கப் போக, தங்கபுஷ்பம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். முனீஸ்வரி பருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

சீனிச்சாமி திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, யாரிடம் என்று இல்லாமல், ஆனால் பருப்பு அலமாரி வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"இதுல பீர்க்கங்காய் எங்க இருக்கு?"

முனீஸ்வரி அவர் முன்னால் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டாவது பக்கம்ணே. மேல இருந்து மூணாவது படம்."

அவர் பக்கத்தைத் தள்ளினார். மேலிருந்து எண்ணினார். மூன்றாவது படத்தை அமுக்கினார்.